குணசீலி வந்துபோன வியாழக்கிழமை

பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மூடியைச் சுவரோரம் சாய்த்தபோது அது வழுக்கித் தரையில் அடித்தது, கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, நான் மட்டும் பார்க்கவில்லை, என் கண் குணசீலி அக்காவின் கையில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது. வெள்ளைக் கையுறை. செத்தவர்களுக்குக் கையுறையும் காலுறையும் போட்டு அனுப்புவது எங்களில் வழக்கம்தான், அதிசயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் இடது கையில் மட்டும் கையுறையின் ஓரத்தை இழுத்து முழுக்கை ரவிக்கையின் கைக்குள் செருகியிருக்கிறார்கள். வலது கையில் செருகவில்லை. யார் செருகியது. தெரிந்தா, தெரியாமலா. நான் உட்கார்ந்திருக்கும் ஆல்டர் மேடையிலிருந்து நாலு படி இறங்கினால் தொட்டுவிடலாம். மேற்கு ஜன்னல் வழியாக மூன்றரை மணி வெயில் நேராக அவள் நெற்றியில் விழுகிறது, யாராவது திரையை இழுத்துவிடக் கூடாதா, கண் கூசுமே என்று நினைத்துவிட்டு, என்ன நினைக்கிறேன் நான் என்று வெட்கமாக இருக்கிறது. சம்பங்கி மாலை வாடை, அதற்குள்ளிருந்து ஆஸ்பத்திரி மருந்து வாடை. முந்தாநாள் காலையில் கிணற்றிலிருந்து எடுத்தவளை நேற்று அறுத்துத் தைத்து இன்று மதியம்தான் கொடுத்தார்கள். மாசிலாமணி ஐயா எழுந்து பாட்டு எண் சொல்கிறார். இந்தச் சேகரத்தின், இந்தச் சுற்றுவட்டாரச் சபைகளின், பெரிய குரு அவர். உதவி குரு நான். அவருடைய பிரசங்கம் முடிந்ததும் பெண்கள் சங்கத்தின் சார்பில் நான் எழுந்து ஆறுதல் வார்த்தை சொல்ல வேண்டும். “அஞ்சே நிமிஷம்மா. ஜனங்க வெயில்ல கல்லறைத் தோட்டம்வரை நடக்கணும்லா” என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். காலையில் எழுதிய தாள் கையில் இருக்கிறது. அன்பான தாய், அடக்கமான மனைவி, ஒன்பது வருடம் பெண்கள் சங்கத்தின் செயலாளர். விரல் வேர்வையில் ‘அடக்கமான’ கரைந்து ஊதா நிறமாகிவிட்டது.

பாடுகிறார்கள். எழுந்து நிற்க வேண்டும், நிற்கிறேன், வாய் தானாகப் பாடுகிறது. அங்கிக்குள் முதுகெலும்பு வழியாக வேர்வை இறங்குகிறது. இந்த அங்கியை நான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு கானான்விளைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, “ஐயரு எப்ப வருவாவ, ஐயரம்மா?” என்று கேட்டார். குருவின் மனைவியைத்தான் இங்கே ஐயரம்மா என்பார்கள். எனக்குக் கல்யாணமாகவில்லை, நான்தான் ஐயர் என்று அவருக்குச் சொல்வதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. அப்புறம் பழகிவிட்டார்கள், அல்லது பழகியதுபோல் இருந்தார்கள். “அம்மாவுக்கு எந்த ஊரு?” என்பார்கள். சொல்வேன். “அந்த ஊருல எந்தத் தெரு?” அதையும் சொல்வேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காப்பி எவர்சில்வர் டம்ளரில் வராது, கடையிலிருந்து வாங்கிய காகிதக் கப்பில் வரும். மாசிலாமணி ஐயாவின் மனைவி ஒரு திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தனியாக அழைத்து, “அம்மா தப்பா நினைக்காதீங்க, இன்னைக்கு நீங்க ஆல்டருக்குப் போகலாமா?” என்று கேட்டாள். மாதத்தில் எந்த நாள் என்று கேட்கிறாள் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. போகலாம் என்று பொய் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல் தடவை திராட்சரசப் பாத்திரத்தை நான் ஏந்தினேன். ஐயா முன்னால் ஒரு வரிசை, என் முன்னால் ஒரு வரிசை. என் வரிசை கலைந்து கலைந்து அவர் வரிசைக்குப் போனது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, தும்மல் வந்தவர்கள்போலத் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார்கள். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் தெரியாது. அப்போது ஒருவர் அந்த நீளமான வரிசையை விட்டு வெளியே வந்து, கோயிலின் நடுவே எல்லோரும் பார்க்க நடந்து, என் முன்னால் முழங்காலிட்டு வாயைப் பாத்திரத்தில் வைத்தார். ஆசீர் அண்ணன். சபைக் கமிட்டிச் செயலர், ஹெட்மாஸ்டர், குணசீலி அக்காவின் வீட்டுக்காரர். அவர் வந்ததால் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். பத்துப் பேர் வந்ததால் நான் இந்த ஊரில் குருவானேன்.

அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு நாள் தாடி. கைக்குட்டையைக் கண்ணில் வைத்து எடுக்கிறார், அழுகை பொய் இல்லை, தோள் குலுங்குகிறது, அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. பொய்யாக அழுதால் எளிதாக இருந்திருக்கும். பக்கத்தில் பெர்சிஸ். ஒரே மகள். நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள், மூன்றாவது வருடம். அவள் அழவில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை, ஐயாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கண்ணை எடுத்துக்கொள்கிறேன். எடுத்த கண் எங்கே போய் உட்காரும், மறுபடி கையுறையில் போய் உட்காருகிறது.

வியாழக்கிழமை. மூன்று வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும், எனக்குத் தலைவலி, நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு இருந்தேன். கதவை விரல் நுனியால் தட்டும் சத்தம். திறந்தால் குணசீலி அக்கா, தோளில் ஒரு துணிப்பை, மழை இல்லாத நாளில் கையில் ஒரு குடை. “அம்மா ஓய்வா இருக்கீங்களா?” என்னைவிட ஒன்பது வயது மூத்தவள் என்னை அம்மா என்பாள், நான் அவளை அக்கா என்பேன், அதில் எங்களுக்கு ஒரு சிரிப்பு உண்டு. அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீ போட்டேன். டம்ளரை அவள் வலது கையால் மட்டும் எடுத்தாள், இடது கையை மடியில் சேலைக்குள் வைத்திருந்தாள். பிறகு அதை வெளியே எடுத்து, மேசைமேல், சந்தையில் ஒரு பொருளை வைப்பதுபோல வைத்தாள். மணிக்கட்டு வீங்கி, கறுத்து, விரல்கள் கொழுத்துக் கிடந்தன. வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. “முறுக்கிட்டாவ” என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னாலும் தெரியும், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அவள் முந்தானையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு வந்த நாட்களில் எனக்குத் தெரியும். “இருபத்திரண்டு வருஷமாச்சும்மா. பிள்ளைக்காகப் பொறுத்தேன். இனிமே அவ அவ கால்ல நின்னுக்கிடுவா. நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகமாட்டேன். ஒரு மாசம் மட்டும் உங்க கூட இருந்துக்கிடுதேன், அந்தச் சாமான் ரூம்ல ஒரு பாய் போதும். அதுக்குள்ள தையல் வேலை எங்கயாவது பாத்துக்கிடுவேன்.” சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். “வீட்டுல கிணத்தடிக்குப் போகவே பயமாருக்கும்மா இப்பல்லாம்.”

எதற்குப் பயம் அக்கா. ஒரு கேள்வி. அவர் தள்ளிவிடுவார் என்றா, நீயே குதித்துவிடுவாய் என்றா. இதை நான் கேட்டிருந்தால் இன்று எனக்குத் தெரிந்திருக்கும், வேறு யாருக்கும் தெரியாது, எனக்காவது தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கிணற்றடியில் நான் கை கழுவியிருக்கிறேன், வீட்டு ஜெபத்துக்குப் போனபோது. சுற்றுச்சுவர் என் இடுப்புக்கு மேலே வரும். வழுக்கி விழுந்தாள் என்கிறார்கள். இடுப்புக்கு மேலே சுவர் இருக்கும் கிணற்றில் எப்படி வழுக்கி விழுவது. அன்றைக்கு நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்தேன் என்றால், அடுத்த மாதம் கமிட்டி கூடும், என்னை இங்கேயே வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று பேராயருக்கு எழுதுவார்கள், எழுதப்போகிறவர் ஆசீர் அண்ணன். அவருடைய மனைவி என் சாமான் அறையில் பாய் விரித்துப் படுத்திருந்தால். ஊர் என்ன சொல்லும். அந்தத் தெருக்காரி வந்தாள், குடும்பத்தைக் கலைத்தாள். பாத்திரத்தோடு மறுபடியும் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தலை இடித்தது. இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் நினைத்து முடித்துவிட்டேன், வாய் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. என்ன குரல் அது, எவ்வளவு மென்மையான குரல். “அக்கா, அவசரப்படாதீங்க. இப்ப திரும்பிப் போங்க. நான் அண்ணன்கிட்ட பேசுதேன். கொஞ்சம் பொறுமையா இருங்க. ஆண்டவர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு.” அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொன்னால் பார்ப்போமே, சரி, இங்கேயும் இல்லை, அப்படி. அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். ஆமென் என்றாள். டீ டம்ளரை ஒற்றைக் கையாலேயே கழுவிக் கவிழ்த்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ஆசீர் அண்ணனிடம் நான் பேசவில்லை. முதல் வாரம் சமயம் வரவில்லை, இரண்டாம் வாரம் சமயம் வந்தது, மூன்றாம் வாரம் அவளே இல்லை.

உட்காருகிறார்கள். நானும் உட்காருகிறேன். திரும்பிப் போ. இந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் இறையியல் கல்லூரியில் நூற்றுப் பத்துப் பக்கத்துக்குக் கிழித்து எழுதினேன். வேதத்தில் ஆகார் என்கிற அடிமைப்பெண், வயிற்றில் பிள்ளையோடு, எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். அங்கே ஒரு தூதன் வந்து திரும்பிப் போய் அடங்கியிரு என்கிறான். தூதன் இதைச் சொல்லியிருக்க முடியாது, ஓடிப்போன அடிமையைத் திரும்பப் பிடித்துக்கொண்டுவர ஆசைப்பட்டவர்கள் தூதனின் வாயில் இதைப் போட்டார்கள் என்று எழுதினேன். துன்பத்தைப் புனிதமாக்குகிற எந்தப் போதனையும் துன்பப்படுத்துகிறவனுக்குத்தான் உதவும் என்று எழுதினேன். ஆகாரைப் பார்த்துத் திரும்பிப் போ என்று சொல்ல ஒரு தலித் பெண்ணுக்கு நாக்கு வராது என்று, ஐயோ, அப்படியே எழுதினேன், அந்த வரியை வாய்மொழித் தேர்வில் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்ததும் கை தட்டினார்கள். அப்புறம் டீயும் உளுந்த வடையும் கொடுத்தார்கள். வடை ரொம்ப நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

விடுமுறையில் ஊருக்குப் போய் அதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள், முப்பது வருடம். சனிக்கிழமை அப்பாவிடம் அடி வாங்குவாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் உதட்டில் இரத்தம் காய்ந்த இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவாள். சிலுவையை வைத்துப் பெண்களை அடக்கி வைத்திருக்கிறார்கள் அம்மா, அடி வாங்குவது தேவ சித்தம் இல்லை என்றேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “அப்போ நான் பட்டதுக்கு ஒரு அர்த்தமும் இல்லேங்கியா?” அப்படியில்லை அம்மா என்றேன், வேறென்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. “அவரும் அடிபட்டாருல்லா? நான் படுதது அவருக்குத் தெரியும்லா? அது ஒண்ணுதான் கூட இருந்துச்சு. அதுவும் இல்லேன்னா நான் என்னைக்கோ ரயில் தண்டவாளத்துல தலையக் குடுத்திருப்பேன். படிச்ச பிள்ளை, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அம்மாமேல் பரிதாபம் வந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பரிதாபத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பூமயில் என்பவள் தன் புருஷனின் அடி பொறுக்காமல் எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தாள். ஒரே அறை. அரிசிப் பானைக்கும் சுவருக்கும் நடுவே அவளை உட்காரவைத்து மேலே பாயைச் சாய்த்து வைத்தாள் அம்மா. நாலு நாள். அவன் அரிவாளோடு வந்து வாசலில் நின்றான். அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இங்க யாரும் வரல. நம்பலேன்னா என்னைய வெட்டிட்டு உள்ள போய்ப் பாரு” என்றாள். பொய் சொல்கிறோம் என்கிற தயக்கம்கூட அவள் குரலில் இல்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸில் பூமயிலை அவள் அக்கா வீட்டுக்கு ஏற்றிவிட்டாள். பொறுமை, சிலுவை, சித்தம் என்று வாய் ஓயாமல் சொன்னவள் பூமயிலைப் பார்த்து அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எல்லாம் படித்தேன். என்னிடம் ஒரு சாமான் அறை காலியாகவே இருந்தது.

ஐயா பிரசங்க பீடத்தில் ஏறிவிட்டார். வேதத்தில் வரும் குணசாலியான ஸ்திரீ என்று ஆரம்பிக்கிறார், எனக்குத் தெரியும், பெயர் குணசீலி என்றால் அவர் வேறெதை எடுப்பார். அதிகாலையில் எழுந்தாள், குடும்பத்துக்குச் சாப்பாடு போட்டாள், வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. சொன்னாள் ஐயா. சொன்னாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் அங்கி மாட்டிக்கொண்டே அவர் என்னிடம் கதவைச் சாத்தச் சொன்னார். “பாருங்கம்மா, தவறி விழுந்துட்டா. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு. நாமளும் அப்படித்தான் பேசணும். ஊர்ல நாலு வாய் நாலு விதமாப் பேசும். அவளாத்தான் விழுந்தான்னு ஒரு பேச்சு வந்துட்டா கல்லறைத் தோட்டத்துக்குள்ள இடம் குடுக்க விடமாட்டானுவ, சுவருக்கு வெளிய கள்ளிப்பக்கம் போடச் சொல்லுவானுவ. அந்தப் பிள்ளை அதைப் பாக்கணுமா?” கேட்டேன், “அவங்களா விழலேன்னா ஐயா?” அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டு என்னைக் கண்ணாடியில் பார்த்தார். கெட்டவர் இல்லை. சோர்ந்த முகம். அடுத்த வருடம் ஓய்வு. “அதைப் பேச நமக்கு என்னம்மா தெரியும்?” என்றார். எனக்குத் தெரியும் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அங்கியின் பொத்தான்களைப் போட்டேன். முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ பொத்தான்.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் பெர்சிஸ் நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றாள். “ஆன்ட்டி, அம்மா உங்ககிட்ட வந்தாங்களா? உங்க வீட்டுக்குப் போறேன்னு எனக்கு போன்ல சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் திரும்பப் பேசினப்போ ஒண்ணும் இல்லடா, சும்மா போயிட்டு வந்தேன்னாங்க. என்ன பேசினீங்க?” நான் சொன்னேன், “ஜெபிச்சோம்மா.” பொய் இல்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொய்யாகாத ஒரு வார்த்தை எங்கிருந்து வந்தது எனக்கு. அவள் இன்னும் ஏதோ வரும் என்று நின்றாள். வரவில்லை என்று தெரிந்ததும், “சரி” என்று சொல்லிவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிரசங்கம் முடியப்போகிறது, குரல் இறங்குகிறது, எனக்குத் தெரியும் அந்த இறக்கம். சொல்லிவிட்டால் என்ன ஆகும். ஆசீர் அண்ணன் எழுந்து என்ன சொல்வார். கமிட்டி ஒரு மணி நேரத்தில் கூடிவிடும், நாளைக் காலையில் பேராயரிடமிருந்து போன் வரும், மூட்டையைக் கட்டு என்பார்கள், அடுத்து எந்தச் சபையும் ஒரு பெண் குருவைக் கேட்காது, எனக்குப் பின்னால் படித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் கதவு சாத்தும், பார்த்தீர்களா, அதனால்தான் பெண்களை வைக்கக்கூடாது என்பது. அவளையும் சுவருக்கு வெளியே போட்டுவிட்டால். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கொஞ்சம் இதமாக இருக்கிறது. இதமாக இருப்பதாலேயே அது பொய் என்று தெரிகிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான். ஒன்றுமே ஆகாது. அஞ்சு நிமிடம், ஆறுதல், மண், பிறகு வீட்டுக்குப் போய்க் காப்பி. வருகிற ஞாயிறு திருவிருந்து, ஆசீர் அண்ணன் வந்து முழங்காலிடுவார், நான் பாத்திரத்தைச் சாய்ப்பேன், அவர் உதடு. என் கை அதைச் சாய்க்கும். இந்தக் கை. பாத்திரத்தைப் பிடித்த கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் தலையில் வைத்துத் திருப்பி அனுப்பிய கையும் இதுதான். யாரோ இருமுகிறார்கள். ஐயா என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். எழுந்திருக்க வேண்டும். கால் எழுந்துவிட்டது.

மைக்கின் முன்னால் நிற்கிறேன். தாளை விரித்தேன், ஊதா நிறக் கறையாக இருந்தது, மடித்தேன். “குணசீலி அக்கா,” என்றேன், மைக்கை வாய்க்கு நேராக இறக்கினேன், மறுபடி சொன்னேன். “குணசீலி அக்கா மூணு வாரத்துக்கு முன்னால என் வீட்டுக்கு வந்தாங்க. இடது கை முறுக்கி வீங்கியிருந்துச்சு. வீட்டுல முறுக்கிட்டாங்கன்னு சொன்னாங்க. திரும்பப் போகமாட்டேன், ஒரு மாசம் இங்க இருக்கேன்னு கேட்டாங்க.” தாளை அங்கிப் பைக்குள் போட்டேன். “கிணத்தடிக்குப் போகப் பயமாருக்குன்னு சொன்னாங்க. நான் அவங்களைத் திரும்பிப் போகச் சொன்னேன். அண்ணன்கிட்ட பேசுறேன்னு சொல்லிட்டுப் பேசல. என் வேலை போயிரும்னு பயந்தேன்.” அதற்குமேல் எழுதி வைத்ததுபோல ஏதாவது வரும் என்று நினைத்தேன். மன்னிப்பு, கிருபை, ஏதாவது. ஒன்றும் வரவில்லை. ஐயா எழுந்து அவசரமாக ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார், கீபோர்டு தப்பான சுருதியில் ஆரம்பித்து நின்றது, மைக்கை யாரோ அணைத்தார்கள். ஆசீர் அண்ணன் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. “நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?” என்றார், சத்தமாகக்கூட இல்லை. “யாரும் உன் கையால வாங்கமாட்டேன்னப்போ நான்தானே வந்தேன்?” “ஆமா அண்ணே,” என்றேன், “நீங்கதான் வந்தீங்க.” பின் பெஞ்சுகளில் சலசலப்பு. ஒரு கிழவர், “செத்த வீட்டுல பேசுத பேச்சா இது, அந்தம்மாவ இறங்கச் சொல்லுங்கடே” என்றார். பெண்கள் பக்கம் திரும்பினேன். இருநூறு பெண்கள் இருப்பார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், நேராகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்சிஸ் எழுந்தாள். அப்பாவைத் தாண்டி வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நர்ஸ்கள் செய்வதுபோல அவசரமில்லாமல், இடது கையின் கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். தண்ணீருக்கும் கத்திக்கும் இரண்டு நாளுக்கும் பிறகு அந்தத் தோலில் எது எதனுடைய நிறம் என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் படி இறங்கி அவளருகே போனேன், ஏன் போனேன், அவளைத் தொடவேண்டும்போல இருந்தது, தொட்டால் அவள் அழுவாள், அழுதால் நான் ஆறுதல் சொல்லலாம், எனக்குத் தெரிந்த வேலை அது. “வேண்டாம்,” என்றாள் நிமிராமல். “எங்கம்மாவுக்கு நீங்க ஜெபிக்க வேண்டாம்.” பிறகு நிமிர்ந்தாள். “இப்ப சொன்னதை ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா?” சொல்வேன் என்றேன். “அப்போ போங்க. இப்பவே. அடக்கத்துக்கு நீங்க வரவேண்டாம்.”

போனேன். நடுவழியில் இரண்டு பக்கமும் ஜனங்கள் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. எனக்குப் பின்னால் அவர்கள் மூடியை எடுக்கும் சத்தம், கொஞ்ச நேர வாக்குவாதம், ஐயாவின் குரல், “உள்ளதான்டே வைக்கணும், நான் சொல்லுதேன்லா, உள்ளதான்” என்று அவர் இதுவரை இல்லாத உரத்த குரலில் யாரிடமோ கத்துவது. அது எனக்குக் கொஞ்சம் மூச்சு கொடுத்தது. ஊர்வலம் தெற்கே திரும்பியது. நான் வடக்கே நடந்தேன். அங்கியைக் கழற்ற மறந்துவிட்டேன், தெருப்புழுதி அதன் ஓரத்தில் ஏறியது, டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், மரியாதைக்கா வேடிக்கைக்கா தெரியாது. கால் முன்னால் போகிறது, மனம் ஒவ்வொரு மின்கம்பத்திலும் நின்று நின்று, இன்னும் திரும்பலாம், தலைவலியில் உளறிவிட்டேன் என்று சொல்லலாம், சொன்னால் நம்பக்கூடத் தயாராக இருப்பார்கள் என்றது. ஸ்டேஷனில் எழுத்தர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “அடக்கம் நடக்குத நேரத்துல இங்க என்னம்மா?” சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “அது முடிச்ச கேசும்மா. ஹெட்மாஸ்டர் பெரிய மனுஷன். நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?” எழுதுங்கள் என்றேன். பெருமூச்சு விட்டுத் தாளை எடுத்தார். தேதி, கிழமை, நேரம். எந்தக் கை. என்ன வார்த்தை சொன்னாள், அதே வார்த்தை. நான் என்ன வார்த்தை சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பி வாசித்துக் காட்டினார், அவர் குரலில் கேட்கும்போது வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய சங்கதிபோல இருந்தது. “அவங்க எத்தனை மணிக்குப் போனாங்க?” பன்னிரண்டு இருக்கும். “போனப்புறம் நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா? போன் எதுவும் பண்ணினீங்களா?” இல்லை. “பின்ன என்ன செஞ்சீங்க?”

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்தது ஞாபகம் வந்தது. வேறு தைலம் தேடியது. மேசையைத் துடைத்தது.

“ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்தை எழுத உக்காந்தேன்.”

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “இதையும் எழுதணுமாம்மா?”

“எழுதுங்க.”